விலாசம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், இடித்த வீடுகளிலிருந்து கழற்றி வந்த தேக்கு நிலைகள். ஐப்பசி மழைக்கு ஒதுங்கிய ஒரு கடையில், பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் தோல் அட்டை போட்ட பேரேடு ஒன்று கிடந்தது. நான் கையில் எடுத்ததும் கடைக்காரர் அட்டையைத் தட்டிக் காட்டினார். "தோலைப் பாருங்கண்ணே. உள்ள இருக்கிற தாளுக்கு யாரும் காசு குடுக்கிறதில்ல. சினிமாவுக்கு எடுக்கிறவங்க அட்டைக்காகத்தான் வாங்குறாங்க."

நான் தாளைத்தான் பார்த்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே சிவமயம். அதற்கும் கீழே ஐந்து எழுத்துகளில் ஒரு விலாசம். அந்த எழுத்துகளை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டார் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். பாட்டனார் கணக்கு தெருவுக்கு வந்தது அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பர்மாவில், ஐராவதி ஆறு கிளை பிரிந்து கடலில் விழும் சமவெளியில், பியாப்பொன் என்ற ஊரில் இருந்த கடையின் கணக்கு அது. அங்கே எழுதியதன் நகல் தபாலில் ஊருக்கு வரும். ஊரில் அதைப் பார்த்து மறுபடி எழுதி வைத்துக்கொள்வார்கள். அப்படி எழுதப்பட்ட ஏடு. கடைசிப் பதிவு விஷு வருஷம் மார்கழி மாதம். அதற்குப் பிறகு கோடு போட்ட தாள்கள் ஒன்றும் எழுதப்படாமல் அட்டை வரை போகின்றன.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் விலாசம் என்றால் தபால்காரர் தேடி வரும் இடம். செட்டிநாட்டில் அது ஆட்களின் வரிசை. முப்பாட்டன், பாட்டன், தகப்பன் என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, கடைசியில் தன் எழுத்தையும் சேர்த்தால் விலாசம். தொழில் நடத்தும் கூட்டுக்கும் அதுவே பெயர். எம்.சிடி.எம்., ஏ.எம்.எம். என்று பள்ளிக்கூட வாசலிலும் கம்பெனிப் பலகையிலும் இன்று நாம் படித்துவிட்டுக் கடந்துபோகிற எழுத்துகள் ஒருகாலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் பணத்துக்கு நிகராகச் செல்லுபடியானவை. அண்ணன் தம்பி பிரிந்தால் பழைய விலாசத்தோடு தன் எழுத்து ஒன்றைக் கூட்டிப் புது விலாசம் போட்டுக்கொள்வார்கள். நீளமான விலாசத்தைப் பார்த்தாலே எத்தனை தலைமுறை, எத்தனை பாகப்பிரிவினை என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். பிள்ளையில்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். கொள்ளி போட ஓர் ஆள் வேண்டும் என்பது பாதிக் காரணம். விலாசம் அற்றுப்போகக் கூடாது என்பது மறு பாதி.

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருந்தது ஒரு வங்கி. அதை நடத்திய நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வங்கி என்று சொன்னதில்லை, கடை என்றார்கள். மற்றவர்கள் வட்டிக்கடை என்றார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் இளப்பத்தால்தான் நாம் இந்த வரலாற்றை நெருங்கிப் படிக்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. வைப்புப் பணம் வாங்கினார்கள். கடல் தாண்டிப் பணம் அனுப்பினார்கள். கண்டவுடன் பணம் தரவேண்டிய தர்சன உண்டியலும், நாள் கழித்துத் தரவேண்டிய உண்டியலும் எழுதினார்கள். ஒரு கடையில் பணம் தேங்கினால், முடை உள்ள இன்னொரு கடைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அடத்திக் கடைகள் என்று சில பெரிய கடைகள் இருந்தன. சிறிய கடைகளின் வரவு செலவைத் தங்களிடம் நேர் செய்து தீர்த்துவைப்பது அவற்றின் வேலை. 1930இல் மதராஸ் மாகாண வங்கி விசாரணைக் குழுவுக்காக சவரிநாத பிள்ளை இந்தக் கணக்கு முறையையெல்லாம் பொறுமையாக விவரித்து எழுதியிருக்கிறார். 1994இல் டேவிட் ருட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சாதியமைப்பே இங்கே வங்கியமைப்பாக வேலை செய்தது என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். உப்பு விற்றுப் பழனிக்குப் போன 17ஆம் நூற்றாண்டு வணிகர்களிலிருந்து அவர் கதையைத் தொடங்குவார். கோவிலுக்குக் கொடுத்ததும் கடைக்குப் போட்டதும் ஒரே பணத்தின் இரண்டு நடமாட்டங்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கடைக் கணக்கில் மகமை என்று சாமிக்கு ஒரு பங்கு ஒதுக்கியதைப் பார்க்கிற எவருக்கும் அது விளங்கும்.

பங்காளி என்ற சொல்லை யோசித்துப் பார்க்கிறேன். ஒரே சொத்தில் உரிமையுள்ள தாயாதிக்கும் அதுதான் பெயர், தொழிலில் பங்கு போட்டவனுக்கும் அதுதான் பெயர். ஆனால் பங்காளி என்றதும் நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது வரப்புச் சண்டை. இப்படிப்பட்ட உறவின் மேல் ஒரு வங்கியைக் கட்டி, அதைப் பல தலைமுறை நிற்க வைத்திருக்கிறார்கள். எப்படி என்பதற்கு விடை அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரையும் விட்டு நகர்வதில்லை. நான் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளைச் சொல்கிறேன். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் பெற்றோர் 'வேறு வைத்துவிடுவார்கள்'. கூரை ஒன்றுதான், அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி. அம்மா சமைத்த குழம்பு எதிர் அறைக்குப் போகும். ஆனால் அம்மாவின் செலவும் மகனின் செலவும் ஒரே சிட்டையில் கலக்காது. கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு 'புள்ளி'. ஊர்க்கோவிலுக்கு வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். ஒன்பது நகரக் கோவில்களில் ஒரே கோவில் பிரிவைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பெண் கொடுத்து எடுப்பது வேறு பிரிவில். கடை போடும்போது பங்காளியும் சேர்வார், பெண் கொடுத்த தாயபிள்ளையும் சேர்வார். யாருக்கு எத்தனை பங்கு என்பது கல்யாணத்துக்கு எழுதும் இசைகுடிமானம் போல எழுத்தில் இருக்கும். பிரியம் இருப்பதாலேயே கணக்கு வேண்டாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. என் வளர்ப்பில் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்று சொல்லித் தந்தார்கள். கணக்கைத் தெளிவாக வைத்துக்கொண்டவர்கள் ஒரே வளவில் மூன்று தலைமுறை முகம் கொடுத்துப் பேசி வாழ்ந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தை நான் கைவிட்டேன்.

அந்தப் பேரேட்டில் ஆச்சி என்று முடியும் பெயர்கள் நிறைய இருந்தன. பெண் கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த சீதனம் சமையலறைப் பானையில் கிடப்பதில்லை. அது கணவன் வீட்டுக் கடையிலோ தகப்பன் வீட்டுக் கடையிலோ அவள் பெயரில் வரவாகி வட்டியோடு வளரும். மகளுக்குக் கல்யாணம் வரும்போது அந்தப் பணம் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஆச்சிமார் பணம், கோவில் பணம், சொந்தக்காரர் பணம் எல்லாம் சேர்ந்து கடையின் முதலுக்கு மேலே நின்றன. பியாப்பொன்னில் ஒரு விவசாயி நாற்று நடக் கடன் வாங்கினால், அதில் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பெண்ணின் சீதனமும் கலந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்தப் பெண் கடலையே பார்த்திருக்க மாட்டாள்.

தொழிலுக்குக் கடல் தாண்டுவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்த ஒரு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், ஒரு சமையலாள். பெட்டியடிப் பையனுக்கு 12, 13 வயதிருக்கும். பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க, துடைக்க, தபால் கொண்டுபோக, வட்டி போட, வாய்பாடு ஒப்பிக்கக் கற்பான். பின்னத்தின் பின்னம் வரை வாயில் வரும். முக்காணி, அரைக்காணி, முந்திரி என்று நாம் மறந்த அளவைகள் அவன் விரல்நுனியில் இருந்தன. மேலாளுக்கு மூன்று வருஷச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவார்கள். அவர் இல்லாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. கணக்கு முடிந்து லாபம் நின்றால் அதில் பத்தில் ஒரு பங்கு வாக்கில் அவருக்கு. மேலாளாகப் போனவர் நான்கைந்து கணக்கு முடித்துவிட்டுச் சொந்த விலாசம் போடுவது சாதாரணம். இன்றைக்கு வேலையாள், நாளைக்குப் பங்காளி என்ற அந்த ஏணி திறந்திருந்ததுதான் கூட்டின் பலம். அந்த ஏணிக்குச் சாதி வாசல் உண்டு என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கணக்கு எழுத வேறு சாதியாரும் போனார்கள், ஆனால் விலாசத்தில் எழுத்தாக ஏறவில்லை.

அந்த மூன்று வருஷங்களின் தனிமையை எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, 18 வயதில் சுமத்ராவின் மேடானுக்கு இப்படிப்பட்ட ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் போர் நாவல்களாகப் படித்துப் பழகிவிட்டோம். கடைக்குள் மேலாளும் அடுத்தாளும் பேசிக்கொள்ளும் இடங்களுக்காக நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பையனின் நாணயத்தை மேலாள் எடைபோடுகிறார். பையன் மேலாளின் மனத்தை எடைபோடுகிறான். வங்கி என்பதன் கரு அங்கேதான் இருக்கிறது: ஓர் ஆளை இன்னோர் ஆள் தெரிந்துகொள்வது.

இந்தத் தெரிந்துகொள்ளுதலுக்கு ஓர் இடமும் நேரமும் இருந்தன. ரங்கூனில் மொகல் தெரு. அங்கே தண்டாயுதபாணி கோவில். ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் நாள் இரவு 8 மணிக்குக் கடைக்காரர்கள் கூடி, அந்த மாதத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்கும் பணத்துக்கு அந்த வட்டிதான். பணம் முடையாக இருக்கிறதா, நெல் அறுப்பு முடிந்ததா, ஆங்கிலேயர் வங்கி எந்த விகிதத்தில் கொடுக்கிறது என்பதெல்லாம் பேச்சில் வரும். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, முடிவுக்கு மாறாக யாரும் நடப்பதும் கிடையாது. சாமி முன்னால் சொன்ன சொல் என்று இதற்குப் பக்திப் பூச்சு கொடுப்பவர்கள் உண்டு. சாமி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போக வேண்டியவர்கள். மொகல் தெருவில் சொல் தவறியவன் பெண்ணுக்கு ஊரில் மாப்பிள்ளை கிடைக்காது. நீதிமன்றத்தைவிட அந்தப் பயம் பெரியது. ஜாமீனாக நின்றது அவர்கள் முழு வாழ்க்கை.

கூட்டு என்பதற்கு அன்றைய சட்டத்திலும் அதுதான் பொருள். கூட்டாளி ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவர்கள் தங்கள் சொந்தச் சொத்து முழுவதையும் கொண்டு பதில் சொல்ல வேண்டும். வீடு, நகை, நிலம் எதற்கும் வேலி கிடையாது. வெள்ளைக்காரர் நடத்திய கூட்டு வங்கிகளும் அப்படித்தான் இருந்தன. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நூறாண்டு பழைய பெயர். ஓய்வுபெற்ற அதிகாரிகள், விதவைகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள் எல்லோரும் அந்தப் பெயரை நம்பிப் பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22 அன்று அது கதவை மூடியது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ஊகபேரத்தில் பணத்தை இழந்து இரண்டு நாள் முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார். சென்னையில் தலைமை வகித்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் சிறை. சென்னைச் சமூகத்தின் உச்சியில் இருந்த ஒரு வெள்ளைக்கார நைட், பணம் போட்டவர்களை ஏமாற்றிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனது அன்று சாதாரணச் செய்தியா?

அந்தக் கூட்டிலும் பெயர் இருந்தது, பரம்பரை இருந்தது, கூட்டாளியின் முழுச் சொத்தும் பிணையாக இருந்தது. இல்லாமல் போனது 16ஆம் நாள் இரவு. லண்டன் கூட்டாளி என்ன செய்கிறார் என்று சென்னைக் கூட்டாளி முகம் பார்த்துக் கேட்க வேண்டிய ஓர் இடம் அங்கே இல்லை. பணம் போட்டவர்களுக்கோ கேட்கவே வழியில்லை.

அந்த வீழ்ச்சியின்போது கடன் கொடுத்தவர்களுக்காக நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று இறங்கினார். நகரத்தார் பணமும் சேர்ந்தது. 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. ஆனால் அது கூட்டு அல்ல, லிமிடெட். போட்ட பங்குக்கு மேல் பொறுப்பு இல்லை. செட்டியார்கள் அந்த இயக்குநர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போய் விலாசக் கடைக் கணக்கைப் பார்த்தார்கள். இரண்டு வகை நம்பிக்கையும் ஒரே ஆளிடம் 30 ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது பிழைக்கும் என்பதை பர்மா தீர்மானித்தது.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போகத் தொடங்கியதும் சதுப்புக் காடாகக் கிடந்த சமவெளியை பர்மியர்கள் வெட்டித் திருத்தினார்கள். ஆறுகளைப் பிரித்துக் கரை கட்டி, கொசுவோடும் பாம்போடும் மல்லுக்கு நின்று, 1930 வாக்கில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரை நெல்வயலாக்கினார்கள். மனித வரலாற்றில் விவசாயிகள் செய்த மிகப் பெரிய வேலைகளில் ஒன்று அது. அதற்கான பணம் செட்டியார் கடைகளிலிருந்து போயிற்று. ஆங்கிலேயர் வங்கிகள் பெரிய நகரங்களைத் தாண்டி வரவில்லை. வயல் வரைக்கும் போனது கடைதான். 1930இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது 1,600க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. அவற்றில் ஓடிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். நிலத்தை ஈடு வைத்தால் ஆண்டுக்கு 12 முதல் 15 சதம் வட்டி. உள்ளூர்ப் பணக்காரர்கள் வாங்கியது அதைவிட அதிகம். இதையெல்லாம் அந்தக் குழு நியாயமாகவே பதிவு செய்திருக்கிறது. செட்டியார் கெட்டவர் என்ற எளிய கதைக்கு அந்த அறிக்கை இடம் கொடுப்பதில்லை. செட்டியார் பர்மாவை வளர்த்தார் என்று நம் பக்கம் சொல்லும் எளிய கதைக்கும் நான் இடம் கொடுக்க விரும்பவில்லை.

ஏட்டில் இரண்டு வகைப் பெயர்கள் இருந்தன. ஒரு பக்கம் நம் ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மூன்று, நான்கு, ஐந்து எழுத்துகள், ஊர்ப்பெயர், சில இடங்களில் இன்னார் மருமகன் என்ற குறிப்பு. மறுபக்கம் பர்மியர்கள். தமிழ் எழுத்தில் காதால் கேட்டபடி எழுதப்பட்ட ஒற்றைப் பெயர்கள்: கோ என்று, மா என்று, மாங் என்று தொடங்குபவை. முன்னெழுத்து ஏதும் இல்லை. எழுதியவர் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, பர்மியர் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயர் மகனோடு ஒட்டாது. பெயர் அந்த ஆளோடு தொடங்கி அந்த ஆளோடு முடிகிறது. பெயருக்கு முன்னால் வருவது வயதுக்கும் மரியாதைக்கும் உரிய விளி, அவ்வளவுதான்.

நான்கு தலைமுறையைத் தலையில் சுமக்கும் பெயர்கள், ஒரு தலைமுறையையும் சுமக்காத பெயர்களுக்குக் கடன் கொடுத்தன. எழுத்துகளைப் பார்த்தே ஆளை எடைபோடப் பழகிய கண்ணுக்கு அங்கே பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. இவன் யார் மகன், யார் மருமகன், இவன் சொல் தவறினால் யாரிடம் கேட்பது? அந்தக் கேள்விகளுக்கு பர்மியக் கிராமத்திலும் பதில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் மூன்று வருஷக் கணக்குக்கு வந்து, கடைக்காரர்கள் சேர்ந்து தங்கும் கிட்டங்கியில் படுத்து, நம் ஆளோடு நம் சமையலைச் சாப்பிட்டு, கணக்கு முடிந்ததும் கப்பலேறுகிற மேலாளுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஏது பொழுது? ஆகவே ஏட்டில் பர்மியர் பெயருக்குப் பின்னால் ஏக்கர் எழுதப்பட்டது. எங்கே முன்னோர் எழுத்துகள் இருக்க வேண்டுமோ அங்கே நிலம். நம் ஆளுக்கு ஆள் ஜாமீன், அவர்களுக்கு மண் ஜாமீன். இந்தக் கூட்டு வங்கியின் முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் துக்கமாக இருப்பது இந்த இடம். ஆளை அறிவதையே முதலாக வைத்துத் தொடங்கிய ஒரு தொழில், தன் மிகப் பெரிய காலத்தில், தன்னிடம் கடன் வாங்கிய பெரும்பாலோரை அறியாமலே நடந்தது.

1930இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. பிரமோதூத வருஷத்துப் பக்கங்களில் அதைப் பார்க்கலாம். வட்டி வரவு மெலிகிறது. நிலுவை என்ற சொல் அடிக்கடி வருகிறது. பிறகு ஏக்கர் கணக்குகள் ஒவ்வொன்றாகப் பர்மியர் பெயரிலிருந்து கடைக் கணக்குக்கு மாறுகின்றன. செட்டியார்கள் நிலத்தை விரும்பியவர்கள் அல்லர். ரொக்கமாகத் திரும்பி வரும் பணத்தில்தான் அவர்கள் தொழில் ஓடியது; நிலம் அவர்களுக்கு வேண்டாத வரவு. ஆனால் வாங்கும் ஆளும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937 வாக்கில் அது 25. நான்கில் ஒரு பங்கு வயல், அதில் ஒரு நாளும் கால் வைக்காத, கடலுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த குடும்பங்களின் ஏடுகளுக்குள் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டித் திருத்தியவனின் மகன் அதே வயலில் குத்தகைக்கு உழுதான். அவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? அந்தக் கோபத்தைப் பற்றி நம் பக்கத்துக் குடும்ப வரலாறுகளில் அதிகம் படிக்கக் கிடைப்பதில்லை. கலவரம், ஓட்டம், இழப்பு என்றுதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஏழு வருஷம் விடுபட்டுப் போகிறது.

சிலர் காற்றை முகர்ந்தார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். விலாசம் லிமிடெட்டாக மாறிய நாள் என்று அதைச் சொல்லலாம். ஏ.எம்.எம். குடும்பம் மோல்மேனில் கடை நடத்தியது. போர் வருவதற்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பிறகு இரும்புப் பெட்டி, சைக்கிள், மணல்தாள் என்று தொழிற்சாலைகள் கட்டியது. ஆர்பத்நாட்டின் காலத்தில் அதற்கு இணையான பெயராகச் சென்னையில் இருந்த பாரி கம்பெனி 1981இல் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. முன்கூட்டியே அசைந்தவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலோர் நிலம் விலையேறும், விற்றுவிட்டு வரலாம் என்று காத்திருந்தார்கள். நிலத்தில் மாட்டிய பணத்துக்குக் கால் இல்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. விஷு வருஷம் மார்கழி. பியாப்பொன் மேலாள் அந்த மாதத் தொடக்கத்தில் கணக்கு எழுதியிருக்கிறார், அது தபாலில் ஊருக்கு வந்திருக்கிறது, யாரோ உட்கார்ந்து இந்த ஏட்டில் நகல் எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கணக்கு வரவில்லை. மேலாள் வந்தாரா என்பதை ஏடு சொல்லாது. லட்சக்கணக்கானோர் அடுத்து வந்த மாதங்களில் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். கணக்குப் புத்தகத்தைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்த மேலாட்களைப் பற்றிச் செட்டிநாட்டில் இன்றும் சொல்வார்கள். நகையை விட்டுவிட்டு ஏட்டைச் சுமந்த மனிதர்கள். பணம் மறுபடி வரும், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு போனால் எதுவும் வராது என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

வரவில்லை. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1963இல் வங்கிகள் போயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நஷ்டஈடு கேட்டு மனு எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள், தில்லிக்குப் போனார்கள். கிடைத்தது சொற்பம். இந்தப் பக்கத்தில் ஆச்சிமார்களின் சீதனக் கணக்குகள் அப்படியே நின்றன. கூட்டாளியின் பொறுப்புக்கு எல்லை இல்லை என்பதைச் சட்டம் கேட்பதற்கு முன்பே சில குடும்பங்கள் நிறைவேற்றின. சொந்தக்காரப் பெண்களின் வைப்புப் பணத்தைத் திருப்பித் தர வீட்டின் தூணைக் கழற்றி விற்றார்கள், நிலைக்கதவை விற்றார்கள், கடைசியில் மனையை விற்றார்கள். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு, அவர்களோடு மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளும் உண்டு. ஆனால் முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்படி வரிசையாகக் கிடக்கும் தேக்கு நிலைகளில் சில, யாரோ ஒரு விதவைக்கு அசலும் வட்டியும் தருவதற்காக இறங்கியவை. எவை என்று எனக்குச் சொல்லத் தெரிந்தால் அவற்றைத் தொட்டுப் பார்ப்பேன். பர்மிய விவசாயியின் பக்கத்துக்கு அப்படித் திருப்பித் தர யாருக்கும் தோன்றவில்லை. அவன் நிலத்தை அவன் நாடு எடுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு அவனுக்கும் அது முழுதாகக் கிடைக்கவில்லை.

மழை விட்டிருந்தது. அட்டைக்கு என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். "தாளைக் கிழிச்சுட்டுக் குடுக்கவாண்ணே, கனம் குறையும்" என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் மேஜை மேல் விரித்து வைத்திருக்கிறேன். இரவில் சில பக்கங்கள் படிப்பேன். விலாசம் உள்ளவர்களில் சிலரை இன்றும் தேடிக் கண்டுபிடிக்கலாம். எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு ஊர், கோவில், வீடு என்று போய்விடலாம். ஒரு பக்கத்தில், நெல் விலை விழுந்த அதே வருஷம், மா என்று தொடங்கும் ஒரு பர்மியப் பெண்ணின் பெயர் இருக்கிறது. 11 ஏக்கர். இரண்டு தவணை வட்டி வரவு, பிறகு நிலுவை, பிறகு பெயரின் மேல் குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எழுதியவர் கை நிதானமானது.